நீர்க்கரைத் தங்கலும் நம் மூட்டை முடிச்சுகளும்

ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கிவரப் புறப்படுகிறவர் எவற்றையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்? கோடை விடுமுறை நெருங்கும்போது வீட்டுக்கு வீடு எழுகிற எளிய கேள்விதான் இது. ஆனால் ஒரு சமூகம் பயணத்துக்கு எதைக் கட்டிக்கொண்டது, எதை வீட்டில் விட்டுச் சென்றது, கட்டிய சுமையை யார் தலையில் ஏற்றியது என்று தேடிப் போனால், அந்த எளிய கேள்வி ஈராயிரம் ஆண்டு வரலாறாக விரிகிறது. 'மூட்டை முடிச்சு' என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிய இணைச்சொல்லை அவிழ்த்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் மலைத்தொடர் சுவராக எழுந்து நிற்கும். இப்புறம் கரிசலும் செவலும் கண்மாய்களும். அப்புறம் பெரியாற்றின் காடும், அணைக்கட்டால் உருவான தேக்கடி ஏரியும். பெரியாறு தோன்றுவதே சிவகிரி மலைப்பகுதியில்தான். பறவைக்கு அந்த ஏரி அருகில். நமக்கோ ஆண்டிபட்டி, தேனி, கம்பம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் செல்ல வேண்டிய தொலைவு. ஆகவே இவ்வூர்க்காரர்களுக்கு ஏரிக்கரைத் தங்கல் என்பது எப்போதும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டிய ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது.

கோதை தந்த இரண்டு பட்டியல்கள்

நீர்த்துறைக்குப் போகிறவர்கள் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறாள் என்றால் நண்பர்கள் வியக்கக்கூடும். திருப்பாவையின் 26-ஆம் பாசுரத்தைப் பொருள்நோக்கிப் படித்துப் பாருங்கள். மார்கழி நீராட்டத்துக்கு வேண்டியவை என்று ஆறு கேட்கப்படுகின்றன: சங்கு, பறை, பல்லாண்டு பாடுவோர், விளக்கு, கொடி, விதானம்.

பக்தி இலக்கியமாக மட்டுமே பயின்றவர்கள் இப்பட்டியலின் நடைமுறைக் கூர்மையைக் கவனிப்பதில்லை. மாணவர்களுக்கு இப்பாசுரத்தை நடத்தும்போது, விடியலுக்கு முன் ஐம்பது பேர் கூட்டமாக ஆற்றுக்குப் போவதாக வைத்துக்கொண்டு யோசியுங்கள் என்று நான் சொல்வதுண்டு. இருட்டுக்கு விளக்கு. தலையில் இறங்கும் மார்கழிப் பனிக்கு மேற்கட்டி. உரையாசிரியர்களும் விதானத்துக்கு இவ்வாறே பயன் கூறுவர். உறங்குவோரை எழுப்பவும் கூட்டம் சிதறாமல் சேர்ந்து நடக்கவும் சங்கும் பறையும் பாடுவோரும். பின்தங்கியவர் தொலைவிலிருந்தே தம் கூட்டத்தைக் கண்டுகொள்ளக் கொடி. ஆறில் ஒன்றுகூட வெறும் அலங்காரத்துக்கு இல்லை.

இதைக் காட்டிலும் நுட்பமானது இரண்டாம் பாசுரம். அது 'எடுக்கக் கூடாதவை' பட்டியல். நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை. நோன்பு தொடங்குமுன் எவற்றை விடுவது என்பது முதலில் முடிவாகிறது. கொண்டுசெல்ல வேண்டியவை 24 பாசுரங்கள் கழித்தே வருகின்றன. 27-ஆம் பாசுரத்தில்தான் அணிகலன்களும் புத்தாடையும் நெய் வழியும் பாற்சோறும் திரும்புகின்றன. முதலில் கழித்தல், பிறகு கூட்டல், முடிவில் கூடியிருந்து உண்ணல் என்ற இந்த வரிசையைப் பயணத்துக்கு மூட்டை கட்டுகிற எவரும் மனத்தில் கொள்ளலாம். பெரும்பாலோர் வரிசையைத் தலைகீழாக்கிக் கொண்டு பெட்டி மூடாமல் திண்டாடுகிறார்கள்.

உமணர் வண்டியும் கவுந்தியின் கையும்

கோதைக்கும் முற்பட்ட சங்க காலத்தில் தமிழ்நிலத்தில் ஓயாமல் பயணம் செய்தவர்கள் இரு சாரார். ஒருவர் உப்பு விற்ற உமணர். மற்றவர் பரிசில் நாடிச் சென்ற பாணரும் கூத்தரும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியொன்றை உற்றுப் பார்க்கிறது. அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. கயிற்றால் பிணித்த காடிக் கலம் இருக்கிறது. கையில் குழந்தையோடு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். மாறி மாறிப் பூட்ட எருதுகள் உடன் வருகின்றன. இன்றைய பேச்சில் சொன்னால் அது சக்கரம் பூட்டிய வீடு. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு செய்தி தருகிறார். உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அவர் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று நாம் காரின் பின்புறம் வைத்திருக்கும் 'ஸ்டெப்னி'க்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று வேண்டுமோ!

பாணரும் கூத்தரும் கொண்டுசென்றது வேறு வகை. மலைபடுகடாம் தொடங்குவதே இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிய கூத்தர் கூட்டத்தைக் காட்டித்தான். அவர்களிடம் உணவு இல்லை, கலைதான் சுமை. ஆகவே எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்ற செய்தியே அவர்களுக்கு ஆற்றுணவாக அமைகிறது. ஆற்றுப்படை நூல்களை நம் முன்னோரின் வழிகாட்டி நூல்கள் என்று சொல்வது மிகையன்று. பெருங்கௌசிகனார் தரும் எச்சரிக்கைகளைக் காணுங்கள்: பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் குழிகள், கவண்கல் பாயும் தினைப்புனம். நீர்நிலை ஓரத்துப் பாசி கால் வழுக்கச் செய்யும். அங்கே கரையில் உள்ளவற்றைப் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறார். ஏரிக்கரைக்குச் செல்லும் இன்றைய குடும்பத்துக்கும் அப்படியே பொருந்துகிற அறிவுரை இது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் புகாரைவிட்டு இருள் புலரும் முன் வெளியேறும்போது அவர்கள் கையில் இருந்த முதல் ஒரு சோடிச் சிலம்பு மட்டுமே. வழித்துணையாக வரும் கவுந்தி அடிகளின் உடைமைகளை இளங்கோ மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். பிச்சைப் பாத்திரம் ஒன்று, தோளில் உறி, கையில் மயிற்பீலி. பீலி எதற்கு? நடக்கும் வழியிலும் அமரும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்கள் நசுங்காமல் மெல்ல ஒதுக்குவதற்கு. தமக்காகப் பாத்திரம், பிற உயிர்களுக்காகப் பீலி. காட்டுக்கும் நீர்க்கரைக்கும் போகிறவரின் சுமையில் ஒரு பங்கு அங்கே வாழும் உயிர்களுக்காகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் இலக்கியத்தில் இவ்வளவு பழையது. பின்வரும் செய்திகளைப் படிக்கையில் அந்தப் பீலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பொதிசோறும் குளமும்

வழிக்கு உதவும் உணவுக்கு 'ஆற்றுணா' என்பது அழகான பழஞ்சொல். கற்றவர் எத்திசை சென்றாலும் அது தமக்கு வேண்டியதில்லை என்கிறது பழமொழி நானூறு. கல்வியே சோறு போடும் என்பது கருத்து. மற்றவர்க்கெல்லாம் ஆற்றுணா வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

பெரிய புராணத்தில் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வரும் அப்பர் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்கிறார். சிவபெருமான் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். திருக்குருகாவூருக்கு வரும் சுந்தரருக்கும் பந்தர் அமைத்துத் தண்ணீரும் பொதிசோறும் தந்ததாக அதே நூல் கூறுகிறது. அருளும் இறைவன்கூடப் பொன்னும் மணியும் தராமல் கட்டுச்சோற்றைத் தந்தான் என்று சேக்கிழார் பாடுவதில், நீர்க்கரையும் சோற்றுமூட்டையும் தமிழ் மனத்தில் எவ்வளவு நெருங்கிய இணை என்பது புலப்படுகிறது.

கட்டுச்சோறு கட்டுவது ஒரு தனிக்கலை. புளி, உப்பு, நல்லெண்ணெய் ஆகிய மூன்றும் சோற்றைக் கெடாமல் காக்கின்றன. புளியின் அமிலம் நுண்ணுயிர்களைப் பெருகவிடாது. உப்பும் எண்ணெயும் அதற்குத் துணை. தயிர்ச்சோறு கட்டுகிற நம் வீட்டுப் பெரியவர்கள் தயிரை நேராக ஊற்றுவதில்லை. ஆறிய சோற்றைப் பாலில் பிசைந்து ஒரு கரண்டித் தயிரை மட்டும் இடுவார்கள். வழியில் அது தானாக உறைந்து, உண்ணும் நேரத்தில் அளவான புளிப்போடு இருக்கும். பயண நேரமே சமையலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. வாழையிலையைத் தணலில் வாட்டுவது மடிக்கும்போது கிழியாமல் இருப்பதற்காக. அப்பர் காலத்துப் பொதிசோற்றில் மிளகு இருந்திருக்கலாம்; மிளகாய் இருந்திருக்க வழியில்லை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகத்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிய இட்லி தொன்மையானது போலத் தோன்றினாலும் பயண உணவின் வரிசையில் அது இளையதே.

கரிசல் பக்கத்தில் இதற்கான கலங்களைப் பனையே தந்தது. நார்ப்பெட்டி, ஓலைக் கொட்டான், கடகப்பெட்டி என எல்லாம் காற்றுப் புகும் கலங்கள். பண்டம் வேர்க்காது, தூக்கி எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். பாலை நீர்வற்றக் காய்ச்சிச் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக மட்டும் அன்று. அரைநாளில் திரிந்துபோகும் பாலைச் சில நாள் தாங்கும் பண்டமாக்குகிற உத்தி அது. ரயிலேறும் கைகளில் அந்தப் பொட்டலம் இடம்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்திரம் குறைத்த சுமை

மூட்டையின் அளவை முடிவு செய்வது போகிற இடத்தில் என்ன கிடைக்கும் என்ற நம்பிக்கையே. அந்த நம்பிக்கையைக் கட்டடமாக்கியவை சத்திரங்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர்பெற்றவர். மதுரை ரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயரால் ஒரு சத்திரம் இருப்பதும், தென்மாவட்டங்களில் 'மங்கம்மாள் சாலை' என்ற பெயர் வழங்குவதும் பலர் அறிந்தவை. சாலையோரத்தில் மரம், மரத்தருகே கிணறோ ஊருணியோ, அதன் கரையில் சத்திரம் என்ற அமைப்பில் வழிப்போக்கருக்கு நிழல், நீர், சோறு மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தன. அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் அதனால் குறைந்தன.

தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் சத்திரங்களின் பணிகளை எடுத்துரைக்கிறார். வருவோர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், வழியில் பிள்ளை பெறும் பெண்களுக்குப் பேணுதல், ஆதரவற்ற சிறார்க்குக் கல்வி. இவை எல்லாம் பயணியின் மூட்டையிலிருந்து இறக்கிச் சமூகத்தின் தோளுக்கு மாற்றப்பட்ட சுமைகள்.

சத்திரம் இல்லாத வழி எப்படி இருந்தது? சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். தெலுங்கில் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்புகள் புகழ்பெற்றவை. பல்லக்கு, கூடாரம், பணியாட்கள், உறவினர் என ஏறத்தாழ நூறு பேர் கொண்ட ஒரு சிற்றூரையே அவர் நகர்த்திச் சென்றார். தங்கும் ஊர்தோறும் நீர் நல்லதா, கடை உண்டா, தங்க இடம் உண்டா என்று குறித்துக்கொண்டே போகிறார். பின்னால் வருகிறவர்கள் எதைச் சுமக்க வேண்டும், எதை விடலாம் என்பதை அக்குறிப்புகள் சொல்லிவிடும்.

ராஜபாளையத்தின் கிழக்கே உள்ள சத்திரப்பட்டி தன் பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கிய ஊர். இன்று அவ்வூர் மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்கு நாடறிந்தது. பயணத்துக்குக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டிய காயக்கட்டுத் துணி, சத்திரத்தின் பெயர் கொண்ட ஊரில் நெய்யப்படுவது இனிய பொருத்தம் அன்றோ?

மலையேறிய பெட்டிகள்

ஏரிக்கரையில் வீடு எடுத்துத் தங்கி ஓய்வெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் மலைமேல் தொடங்கியது. உதகையில் ஜான் சல்லிவன் 1823-இல் ஏரி அமைக்கும் வேலையைத் தொடங்கினார். கொடைக்கானலில், காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் அஞ்சி மேலேறிய மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஏரியில் விட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டதாம். கடற்கரையிலிருந்து மலையுச்சிக்கு ஒரு படகு! ஏரிக்கரை ஓய்வுக்காகத் தமிழ்நாட்டில் சுமக்கப்பட்ட பொருள்களில் இதைவிட வியப்பானது வேறு இருக்க முடியாது.

1875-இல் மதுரைக்கு ரயில் வந்தபின், கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து பெரியகுளம் பக்கம் வரை மாட்டுவண்டி. அதன்பின் செங்குத்தான மலைப்பாதை. 1910-களின் நடுவில் மோட்டார் சாலை பயன்பாட்டுக்கு வரும்வரை அப்பாதையில் துரைகள் குதிரையிலும், துரைசாணிகளும் குழந்தைகளும் டோலிகளிலும் ஏறினர். பெட்டிகள், படுக்கைகள், பீங்கான், சமையல் சாமான்கள் எல்லாம் கூலியாட்களின் தலையிலும் தோளிலும் ஏறின.

1888-இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூல், மலைக்குச் செல்லும் ஆங்கிலக் குடும்பத்தின் பொருள்களை ஒட்டகச் சுமைகளாகவே பிரித்துப் பட்டியலிடுகிறது. அது வடநாட்டுக் கணக்கு. நம் பக்கத்தில் ஒட்டகம் இல்லை, மனிதர் இருந்தனர். அந்த மனிதர் மூட்டையில் என்ன இருந்தது? தலையில் வைக்க ஒரு சும்மாடு, இடுப்பில் ஒரு துணி முடிச்சு. ஓய்வெடுக்கச் சென்றவர்களின் பெட்டிக் கணக்கு அச்சேறியிருக்கிறது. சுமந்தவர்களின் முடிச்சைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

சுமந்தவர்களுக்காக நம் ஊர்ச் சாலைகளில் இருந்த ஒரே ஏற்பாடு சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கி வைக்கவும், மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதை நட்டுவைப்பது வழக்கம். இறக்கி வைக்க இயலாமல் போன அவள் சுமையை எண்ணி, யார் யாரோ சுமையை இறக்கி இளைப்பாற ஒரு கல். நினைவுச் சின்னங்களில் இதற்கு இணையான ஒன்றை நான் அறியேன். சாலை விரிவாக்கத்தில் இவை ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

நம் மலைக்கு அப்பால் உள்ள தேக்கடி ஏரியின் கதையும் சுமையின் கதையே. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த பெரியாறு அணைக்காகப் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். கூடலூர்ப் பக்கத்துக் குருவனூத்திலிருந்து சுண்ணாம்புக்கல் கம்பிவட வழியாக மேலேறியது. அரிசி முதல் மருந்து வரை கீழிருந்தே போக வேண்டும். மலைக்காய்ச்சலும் பிற நோய்களும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. அணைக்கு அருகே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் முதலில் தங்கியவர்கள் அவர்களே. பின்னர்தான் இடப்பாளையத்தில் திருவிதாங்கூர் மன்னரின் கோடை மாளிகை வந்தது. இன்று அது கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் விடுதி. விருந்தினர் பெட்டியோடு படகேறித்தான் அங்கு போகிறார்கள்.

ஹோல்டால் காலம்

1927-இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் நீராவி எஞ்சினின் ஊதலைக் கேட்கத் தொடங்கின. குற்றாலச் சாரலுக்குப் போகிற குடும்பங்கள் கூண்டு வண்டியிலிருந்து ரயிலுக்கு மாறின. மூட்டையும் மாறியது. துணிமூட்டை டிரங்குப் பெட்டியானது. பாயும் தலையணையும் ஹோல்டாலுக்குள் சுருண்டன. குடம் திருகு கூஜாவாகச் சிறுத்தது. ஓலைக் கொட்டானின் இடத்தை எவர்சில்வர் தூக்கு பிடித்தது. பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், அரிக்கேன் விளக்கு, பின்னாளில் பம்ப் ஸ்டவ். அறை எடுத்துத் தங்கினாலும் சமைத்துச் சாப்பிடுவதே அன்றைய வழக்கம். ஆகவே உழக்கு முதல் அரிவாள்மனை வரை உடன் சென்றன.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பொருள்களில் ஒன்றுகூடப் போன இடத்தில் விட்டுவரப்படவில்லை. சென்ற எண்ணிக்கை குறையாமல் திரும்பி வந்தது. மீந்தது வாழையிலையும் புளியங்கொட்டையும் சாம்பலும் மட்டுமே. அவற்றை மண் வாங்கிக்கொண்டது. சுமையாளின் தலையை அழுத்திய காலத்தில்கூட நீர்நிலையை நம் மூட்டை அழுத்தவில்லை.

இன்றைய மூட்டை

இன்று பெட்டிக்குச் சக்கரம் வந்துவிட்டது. கார் வாசலுக்கே வருகிறது. யார் தலையிலும் சுமை இல்லை என்று தோன்றுகிறது. உண்மையில் சுமை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. தண்ணீர்ப் புட்டியாக, நொறுக்குத்தீனி உறையாக, ஷாம்பூப் பொட்டலமாக அது ஏரியின் மீதும் காட்டின் மீதும் இறங்கியிருக்கிறது.

இதன் விளைவைச் சட்டங்களே சொல்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடையும், வைத்திருந்தால் புட்டிக்கு 20 ரூபாய் பசுமை வரியும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டன. நம் மேற்கு மலையில் 1988-இல் நரை அணிலுக்காக அமைந்த சரணாலயம், மேகமலையோடு இணைந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. அதன் மறுபுறம் பெரியாறு புலிகள் காப்பகம். யானை மலைச்சரிவின் இரு பக்கமும் நடக்கிறது; நாம் தேக்கடியில் எறிந்த உறை அதன் வயிற்றுக்குப் போனால், பாதிப்பு செண்பகத்தோப்பையும் சேர்ந்ததுதான்.

ஆக, ஏரிக்கரையில் நான்கு நாள் தங்கப் போகிறவர் என்ன எடுத்துச் செல்லலாம்? மேலே கண்டவர்களிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

கோதையிடமிருந்து, கழித்துவிட்டுக் கூட்டும் வரிசை. எடுக்க வேண்டாதவற்றை முதலில் எழுதுங்கள். அவளுடைய ஆறிலிருந்து விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் ஏரிக்கரை இருட்டு ஊர் இருட்டைப் போன்றதன்று, நல்ல டார்ச் ஒன்று வேண்டும். விதானத்துக்கு ஈடாகக் குடையும் கம்பளி உடையும். சங்கையும் பறையையும் மட்டும் வீட்டிலேயே விட்டுவிடலாம். காட்டோரத்தில் ஓசை எழுப்பும் உரிமை அங்கு வாழும் உயிர்களுக்கே உண்டு.

உமணரிடமிருந்து, சேம அச்சு. அதாவது எது பழுதானால் பயணமே நின்றுவிடுமோ அதற்கு ஒரு மாற்று: அன்றாட மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டாவது மூக்குக்கண்ணாடி, கைப்பேசிக்குச் சேமமின்கலம், கொஞ்சம் சில்லறை. கூத்தரிடமிருந்து, முன்கூட்டிய விசாரணை. அடுப்பு உண்டா, கடை எவ்வளவு தொலைவு, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று தங்குமிடத்தாரிடம் கேட்டறிந்தபின் மூட்டை கட்டினால் பாதிச் சுமை தானாகக் குறையும். பாசி வழுக்கும் கரைக்குப் பிடிமானமுள்ள செருப்பு. தேக்கடிப் பக்கம் என்றால் அட்டை ஏறாத காலுறையும் சிறிது உப்பும்.

படகேறும்போது உயிர்காப்பு உடையை வாங்கி அணியுங்கள். குழந்தைக்கு அளவானது இல்லையென்றால் ஏறாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். எதை எடுத்துச் சென்றாலும் திரும்பி வரவேண்டியவர்கள் நாம்தான் என்பதை அந்நாள் நினைவூட்டுகிறது.

சேக்கிழாரிடமிருந்து, முதல்நாளுக்குப் பொதிசோறு. வாட்டிய வாழையிலையில் புளிச்சோறு கட்டினால் வழியில் பத்து உறைகள் குறையும். ஹோல்டால் காலத்திலிருந்து, எவர்சில்வர் தூக்கும் கூஜாவும். சத்திரப்பட்டியிலிருந்து, ஒரு சுருள் கட்டுத்துணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, போகிற வீட்டைப் பேணும் காவலாளிக்கும் சமையற்காரருக்கும் அரைக்கிலோ பால்கோவா. நம் சுமையை இன்றும் யாரோ சுமக்கிறார்கள். அறையைப் பெருக்குகிறவர், குப்பையை அள்ளுகிறவர், படகுத் துறையில் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கிறவர். அவர்களைப் பெயர் கேட்டு அழைத்து, கூலியைக் குறைக்காமல் தருவதும் மூட்டையைச் சேர்ந்ததே.

இறுதியாக, கவுந்தி அடிகளிடமிருந்து அந்த மயிற்பீலி. இன்றைக்கு அதற்கு ஈடு ஒரு வெறும் துணிப்பை. போகும்போது அதில் எதுவும் வைக்க வேண்டாம். வரும்போது நம்முடைய குப்பை முழுவதும், முடிந்தால் பிறர் விட்டுப்போனதில் ஒரு கைப்பிடியும், அதில் நிறைந்து ஊர் திரும்பட்டும்.